எரிவாயு பாய்லர், இரண்டு வெப்பச் சுற்றுகள்: நடுவில் செப்பரேட்டர் தேவையா?

நண்பர்களே, வீட்டைச் சூடாக்க எரிவாயு கண்டென்சிங் பாய்லர் (புகையிலுள்ள நீராவியை நீராக்கி அந்த வெப்பத்தையும் எடுத்துக்கொள்வது) வைக்கப் போகிறோம். சுவரை உடைக்கும் முன் குழாய் வரைபடத்தை முடித்துவிட வேண்டும்.

கீழ்த்தளத்தில் தரைக்கடியில் சுருள் குழாய்கள், மாடியில் ரேடியேட்டர்கள்; சுற்று ஒன்றுக்கு 6 கிலோவாட். தரைக்கு 35 டிகிரி நீர் போதும். ஆனால் போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் 5 டிகிரிதான் வித்தியாசம் என்பதால் மணிக்குச் சுமார் 1,030 லிட்டர் ஓட வேண்டும். ரேடியேட்டருக்கு 55 டிகிரியில் அனுப்பி 35-இல் திரும்ப வந்தால் 260 லிட்டரே போதும்.

பாய்லரின் ஒரே பம்பு இரண்டையும் தாங்காது என்று, தரைச் சுற்றுக்குத் தனி பம்பும், சூடான நீரில் திரும்பும் நீரைக் கலந்து வெப்பத்தைக் குறைக்கும் மிக்ஸிங் வால்வும் வரைந்திருக்கிறேன். குழப்பம் இங்கேதான். நடுவில் ஹைட்ராலிக் செப்பரேட்டர் (பாய்லர் பக்க ஓட்டத்தையும் சுற்றுகளின் ஓட்டத்தையும் தனித்தனியாக்கும் அகலமான குழாய்) வைத்தால் பம்புகள் ஒன்றோடொன்று மோதாது, சரி. ஆனால் பாய்லர் பக்கம் ஓட்டம் கூடினால் சூடான நீர் அப்படியே திரும்பிவிடுமே! திரும்பும் நீர் சூடாகச் சூடாக, புகையிலுள்ள நீராவி குளிர்ந்து நீராவது குறையும். 55 டிகிரியை எட்டினால் அநேகமாக நின்றே போகும். அப்புறம் இந்த பாய்லர் எதற்கு?

இவ்வளவு சிறிய அமைப்பில் செப்பரேட்டர் இல்லாமல் ஓட்டுபவர்கள் இருக்கிறீர்களா? மாடியில் தெர்மோஸ்டாட் வால்வுகள் எல்லாம் மூடிக்கொள்ளும்போது பைபாஸ் (நீர் ஓட மாற்று வழி) எங்கே வைத்தீர்கள்? கையால் வரைந்த படம் இருந்தாலும் போடுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.