அயோர்டிக் வால்வு சுருக்கம்: கொலஸ்ட்ரால் மாத்திரையால் வால்வுக்குப் பலன் உண்டா?

நெல்லை மகள் (கேள்வி):

வணக்கம். அம்மாவுக்கு 69 வயது. முழங்கால் ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த எக்கோவில்தான் (இதய ஸ்கேன்) அயோர்டிக் வால்வு, அதாவது இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வால்வு, சுருங்கியிருப்பது தெரிய வந்தது. அப்போது ஜெட் வேகம், அதாவது வால்வு வழியாக ரத்தம் பாயும் வேகம், விநாடிக்கு 2.9 மீட்டர். கொலஸ்ட்ராலைக் குறைக்க அட்டோர்வாஸ்டாட்டின் 20 எழுதிக் கொடுத்தார்கள். எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 142-இலிருந்து 78-க்கு இறங்கிவிட்டது. ஆனால் இரண்டு வருடம் கழித்து இப்போது எடுத்த எக்கோவில் வேகம் 3.2, ‘மாடரேட் ஏ.எஸ்.’ (நடுத்தரச் சுருக்கம்) என்று போட்டிருக்கிறது.

வீட்டில் ஒரே வாக்குவாதம். “மாத்திரை போட்டும் வால்வு சுருங்கத்தானே செய்யுது, இதை ஏன் முழுங்கணும்?” என்கிறார் அம்மா. பெரியப்பா நேர்மாறு: “கொலஸ்ட்ராலை இன்னும் குறைச்சா வால்வு சரியாகிடும், டோசைக் கூட்டச் சொல்லு” என்கிறார். டாக்டரிடம் கேட்டால் “தொடர்ந்து போடுங்க, அடுத்த வருஷம் எக்கோ” என்பதோடு சரி. இந்த மாத்திரை வால்வுக்கு உதவுமா என்று யாராவது முறையாகச் சோதித்திருக்கிறார்களா? நிறுத்துவதா, கூட்டுவதா?

மேட்டூர்க்காரன்:

நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். என் அப்பாவுக்கும் இதே வால்வுதான், கடைசியில் தொடை வழியாகப் புது வால்வு வைத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். அந்த மாத்திரை இன்னமும் தொடர்கிறது. ஒரு சந்தேகம்: வால்வு நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வில் இந்த மாத்திரையால் கேன்சர் அதிகமானதாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது உண்மையா?

எக்கோ அறை:

மதுரையில் எக்கோ டெக்னீசியனாக இருக்கிறேன். மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் உங்கள் இதய மருத்துவர் கையில்தான். ஆனால் இந்தக் கேள்வியைப் பல வருடமாகக் கேட்டு வருகிறேன், அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

நேரடியாகச் சொன்னால், வால்வு சுருங்குவதை ஸ்டாட்டின் (அம்மா எடுக்கும் மாத்திரையின் வகை) மெதுவாக்காது. ஆனாலும் அம்மா அதை நிறுத்த வேண்டாம்.

பெரியப்பா சொல்வதைப் பெரிய பெரிய டாக்டர்களே ஒரு காலத்தில் நம்பினார்கள். 1994-இல் சியாட்டிலில் கேத்தரின் ஓட்டோவின் குழுவினர் ஆரம்ப நிலை வால்வு நோயை நுண்ணோக்கியில் பார்த்தபோது, ரத்தக் குழாய் அடைப்பில் இருப்பது போலவே கொழுப்பும் அழற்சி செல்களும் இருந்தன. அப்புறம் பழைய எக்கோ ரிப்போர்ட்டுகளைப் புரட்டிய ஆய்வுகளில், ஸ்டாட்டின் எடுத்தவர்களுக்கு வால்வு மெதுவாகவே சுருங்கியதாகத் தெரிந்தது. போர்ச்சுகலில் 121 பேரிடம் நடந்த ஆய்விலும் நல்ல முடிவு வந்தது. ஆனால் அங்கே கொலஸ்ட்ரால் அதிகம் இருந்தவர்களுக்கு மருந்து, மற்றவர்களுக்கு இல்லை. சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லாதபோது, வித்தியாசம் மருந்தால் வந்ததா ஆட்களால் வந்ததா என்று எப்படிச் சொல்வது?

சீட்டுக் குலுக்கிச் செய்த முக்கிய ஆய்வுகள் மூன்று. முதலாவது ஸ்காட்லாந்தின் சால்டைர், 2005-இல் வெளிவந்தது. 155 பேரில் பாதிப் பேருக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 80, அதாவது உங்கள் அம்மாவின் டோசைப் போல நான்கு மடங்கு. மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. மருந்து எடுத்தவர்களுக்கு எல்டிஎல் சராசரியாக 63-க்கு வந்தது, மற்றவர்களுக்கு 130. வால்வு என்ன ஆனது? ஜெட் வேகம் மருந்துக்காரர்களுக்கு ஆண்டுக்கு 0.199 கூடியது, மற்றவர்களுக்கு 0.203. துளி வித்தியாசம் இல்லை. டோசைக் கூட்டினால் சரியாகும் என்ற பேச்சுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது.

பெரிய ஆய்வு 2008-இல் வந்த சீஸ். ஐரோப்பாவில் 1,873 பேர், நான்கு வருடத்துக்கு மேல், சிம்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினும் எசெட்டிமைப் என்ற இன்னொரு கொலஸ்ட்ரால் மருந்தும் சேர்த்து. வால்வு மாற்ற வேண்டி வந்தவர்கள் மருந்து எடுத்தவர்களில் 28.3 சதவீதம், எடுக்காதவர்களில் 29.9. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் மாரடைப்பு, பைபாஸ் போன்ற ரத்தக் குழாய் பிரச்சினைகள் மருந்து எடுத்தவர்களில் 15.7 சதவீதம், எடுக்காதவர்களில் 20.1. அம்மா நிறுத்த வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். இந்த வயதில் வால்வில் சுண்ணாம்பு படிந்தவர்களுக்கு ரத்தக் குழாயிலும் கொழுப்பு படிந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த மாத்திரை அதற்கானது. மூன்றாவது ஆய்வு கனடாவில், 269 பேரிடம், ரோசுவாஸ்டாட்டின் 40 கொடுத்து. அதுவும் கைகொடுக்கவில்லை.

மேட்டூர்க்காரன் கேட்டதும் இந்த சீஸ் ஆய்வைத்தான். அதில் மருந்துப் பக்கம் 105 பேருக்கும் மறுபக்கம் 70 பேருக்கும் கேன்சர் வந்தது, உண்மை. அப்போது பெரிய பரபரப்பு. உடனே, அதே மருந்துக் கூட்டணியை வைத்து நடந்துகொண்டிருந்த, இன்னும் பெரிய இரண்டு ஆய்வுகளின் கணக்கை ஆக்ஸ்ஃபோர்டில் எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் அப்படி ஒரு கூடுதல் இல்லை. வாட்ஸ்அப்பில் முதல் பாதி மட்டும் சுற்றுகிறது.

அடுத்து 2.9, 3.2 விஷயம். நோயாளியை இடது பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து, விலா இடுக்கில் ப்ரோபை வைத்து ஜெட்டைத் தேடுவோம். ரத்தம் பாயும் திசைக்கு நேராக ப்ரோப் அமைந்தால்தான் முழு வேகம் கிடைக்கும், கோணம் விலகினால் குறைத்துத்தான் காட்டும். சிலருக்கு நெஞ்செலும்பின் வலது ஓரத்தில் வைத்தால்தான் உச்ச வேகம் அகப்படும், அவசரத்தில் அதை விட்டுவிடுகிறவர்களும் உண்டு. சரியான இடம் சிக்கியதும் ஸ்பீக்கரில் வரும் இரைச்சல் விசில் போலக் கூர்மையாகிவிடும். அதனால் இரண்டு எக்கோவும் ஒரே இடத்தில் எடுத்ததா என்று பாருங்கள். அப்படியே வைத்துக்கொண்டாலும் இரண்டு வருடத்தில் 0.3 என்பது பயப்படும் வேகம் இல்லை.

என்னை உண்மையிலேயே வருத்தப்பட வைப்பது வேறு. மாத்திரை வால்வைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி, மறு எக்கோவுக்கே வராமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். வருடங்கள் கழித்து மயங்கி விழுந்து ஸ்ட்ரெச்சரில் வரும்போது வேகம் 5-ஐத் தாண்டியிருக்கும். தயவுசெய்து அடுத்த எக்கோவைத் தள்ளிப்போடாதீர்கள்.

நெல்லை மகள்:

மிக்க நன்றி அக்கா. இரண்டு எக்கோவும் வேறு வேறு இடம்தான். அப்படியென்றால் வால்வுக்கு மருந்தே கிடையாதா? அம்மாவின் தம்பிக்கு 41 வயதிலேயே மாரடைப்பு வந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா?

எக்கோ அறை:

இருக்கலாம். அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். எல்பி-ஏ என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. எல்டிஎல்லுக்குச் சொந்தக்காரக் கொழுப்பு, ஆனால் அளவு பெரும்பாலும் பிறப்பிலேயே அமைந்துவிடும், சாப்பாட்டால் பெரிதாக மாறாது. அதைக் கூட்டுகிற மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு அயோர்டிக் வால்வில் சுண்ணாம்பு அதிகம் படிகிறது என்று 2013-இல் கண்டுபிடித்தார்கள். ஸ்டாட்டின் இதைக் குறைக்காது. மேலே சொன்ன மூன்று ஆய்வுகளும் தோற்றதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். சுண்ணாம்பு ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால், வால்வு செல்களே எலும்பு உண்டாக்கும் செல்களைப் போல மாறிவிடுகின்றன, அதற்குமேல் கொழுப்பைக் குறைத்துப் பலன் இல்லை என்பது இன்னொரு காரணம். எனக்கு இந்த இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது.

எலும்புத் தேய்மான மருந்துகளையும் எடின்பரோவில் சோதித்துவிட்டார்கள். 2021-இல் வந்த முடிவு, பலன் இல்லை. டென்மார்க்கில் வைட்டமின் கே2-உடன் டி சேர்த்துக் கொடுத்ததும் அப்படியே. எல்பி-ஏவைக் குறைக்கும் பெலாகார்சன் என்ற ஊசியை வால்வு நோயாளிகளிடமும் சோதிக்கிறார்கள். நான் ஆவலோடு பார்த்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

எல்பி-ஏவை வாழ்நாளில் ஒரு தடவை பார்த்தால் போதும். அம்மாவுக்கு அதிகம் என்றால் நீங்களும் பார்த்துவிடுங்கள். அடுத்த எக்கோவை இப்போது எடுத்த இடத்திலேயே எடுங்கள், பழைய ரிப்போர்ட்டையும் கொண்டுபோங்கள். இன்னொன்று, “ஏதாவது செய்யுதா?” என்று கேட்டால் நம் அம்மாக்கள் “ஒண்ணுமில்லை” என்றுதான் சொல்வார்கள். மூச்சு வாங்கும் என்று மாடி ஏறுவதையே நிறுத்தியிருப்பார்கள். நீங்கள் கூடவே ஏறிப் பாருங்கள். நடுவில் நிற்கிறாரா, நெஞ்சைப் பிடிக்கிறாரா, கண் இருட்டுகிறதா? இதில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த வருடம் வரை காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.