ரொறன்ரோவில் எந்தப் பகுதி வாடகை கட்டுப்படியாகும்? இந்தக் கணக்குச் சரியா?

கேள்வி:
வணக்கம். நாலு பேர் கொண்ட குடும்பம், வரிக்கு முந்திய மாத வருமானம் 6,000 டொலர். தோர்ன்கிளிஃப் பார்க், மால்வேர்ன், பக்கத்து நகரமான மார்க்கம் மூன்றையும் ஒப்பிட வேணும். குடிசனக் கணக்கெடுப்பில் பகுதிவாரியாக வீட்டு வருமானமும் வாடகையும் கிடக்கு. வாடகையை வருமானத்தால் வகுத்து, குறைவாக வருகிற இடத்தைத் தெரிவுசெய்யலாமா?

பதில் 1:
அப்படிச் செய்தால் கணக்குப் பிழையாகிவிடும். அந்த வாடகை ஏற்கெனவே குடியிருப்பவர்கள் கட்டுவது. ஒன்ராறியோ மாகாணத்தில், ஏற்கெனவே குடியிருக்கிறவருக்கு 12 மாதத்துக்கு ஒருமுறைதான், அரசு அறிவிக்கும் வீதத்துக்குள்தான் கூட்டலாம் (2025இல் 2.5%). ஆள் மாறினால் வீட்டுக்காரர் கேட்பதுதான் வாடகை. தோர்ன்கிளிஃபில் ஒரே மாடியில், ஒரே அளவு வீட்டுக்கு, இருபது வருடமாக இருக்கிற குடும்பம் ஒரு தொகையும் போன மாதம் வந்த குடும்பம் அதைவிட மிகக்கூடின தொகையும் கட்டும். அட்டவணையில் பழையவர்களின் வாடகையே பெரும்பங்கு. ஒவ்வொரு பகுதியிலும் இருபது விளம்பரமாவது பார்த்து, தொகைகளை வரிசைப்படுத்தி, நடுவில் நிற்பதை எடுங்கோ.

வரிக்கு முந்திய வருமானத்தில் 30%க்கு மேல் வீட்டுச் செலவுக்குப் போகக்கூடாது என்பது அளவுகோல்; அதன்படி 6,000க்கு 1,800. மின்சாரம், தண்ணீர், வெப்பம் எல்லாம் இதற்குள் அடங்க வேணும். விளம்பரத்தில் "ஹைட்ரோ தனி" (மின்கட்டணம் வேறு) என்றிருந்தால் அதையும் கூட்டிப் பாருங்கோ.

பதில் 2:
வருமானப் பக்கத்திலும் பொறி இருக்கு. 2021 கணக்கெடுப்பில் இருப்பது 2020ஆம் ஆண்டு வருமானம். அந்த ஆண்டு வேலை இழந்தவர்களுக்கு நாலு கிழமைக்கு 2,000 டொலர் கொரோனா உதவி கிடைத்தது. குறைந்த சம்பளக்காரர் செறிந்த பகுதிகளை அது உண்மையைவிட வசதியாகக் காட்டும். 2015 வருமானத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ.

அடுத்தது, அது தனியாள் வருமானம் இல்லை, வீட்டு வருமானம். மூன்று பேர் ஆளுக்கு 40,000 உழைத்தாலும் ஒருவரே 120,000 உழைத்தாலும் அட்டவணையில் ஒன்றுதான். அம்மம்மா, மாமா என்று கூட்டுக்குடும்பம் கூடின மார்க்கம், பிரம்ரன் பக்கம் இது நிறைய. சராசரியை விட்டுவிட்டு இடைநிலை வருமானத்தையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது) வீட்டுக்கு எத்தனை பேர் என்பதையும் சேர்த்துப் படியுங்கோ.

கேட்டவர்:
நன்றி. அப்ப 1,800க்குள் என்றால் பேஸ்மென்ட் (நிலக்கீழ் வீடு)தானோ?

பதில் 3:
பெரும்பாலும் அதுதான். ஆனால் சமையலறையையோ குளியலறையையோ வீட்டுக்காரரோடு பகிர வேண்டிவந்தால் வாடகைச் சட்டப் பாதுகாப்பே இல்லை. தனிச் சமையலறை, தனிக் குளியலறை பார்த்து எடுங்கோ. படுக்கையறை யன்னலைத் திறந்து பாருங்கோ: தீப்பிடித்தால் ஒரு ஆள் அதால் ஏறி வெளியே போக முடியவேணும். புகை அலாரமும் கார்பன் மொனொக்சைட் அலாரமும் இருக்கவேணும். முற்பணமாகக் கடைசி மாத வாடகையை மட்டும் கேட்கலாம், "சேத வைப்பு" கேட்பது சட்டவிரோதம்.

புதுக் கொண்டோ (தனியாருக்குச் சொந்தமான அடுக்குமாடி வீடு) மலிவாகத் தெரிந்தால் கட்டிய ஆண்டைக் கேளுங்கோ. 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலில் ஆள் குடியேறிய கட்டடத்துக்கு மேலே சொன்ன அரசு வீத வரம்பு இல்லை; அடுத்த வருடமே 300 டொலர் கூட்டினாலும் தடுக்க முடியாது. மார்க்கத்தில் இருந்து ரொறன்ரோவுக்கு வேலைக்குப் போகிறவருக்கு 2024 பெப்ரவரியில் இருந்து இரண்டு நகரப் போக்குவரத்துக்கும் தனித்தனியாக இரட்டைக் கட்டணம் இல்லை, பழைய கணக்கில் அதைச் சேர்த்திருந்தால் கழித்துவிடுங்கோ.