பிளாஸ்மா அமுக்கம்: ‘கிள்ளல்’ வேண்டாம், ‘நெரிப்பு’ எனலாம்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

ஏற்காடு அடிவாரத்தில் நாம் கூடியபோது, அணுக்கரு இணைவுக்காகப் பிளாஸ்மாவை, அதாவது மின்னூட்டத் துகள்களாகப் பிரிந்த வாயுவைச் சுருக்கும் முறைகள் அனைத்துக்கும் ‘அமுக்கம்’ ஒன்றே போதும் என்று பேராசிரியர் அம்மா கூறினார்கள். பொதுச்சொல்லாக அதை ஏற்கிறேன். ஆயினும் முறைகளுக்குத் தனிப்பெயர் இல்லாவிட்டால், எந்த விசை எவ்வடிவில் அமுக்குகிறது என்பது மாணவருக்கு விளங்காது.

பிளாஸ்மாத் தூணின் நீளவாக்கில் பெரும் மின்னோட்டம் பாயும்போது, அது தன்னைச் சுற்றி உண்டாக்கும் காந்தப்புலமே தூணை நாற்புறமும் உள்நோக்கி இறுக்குகிறது. இதன் சமநிலையை 1934-இல் இயற்பியலாளர் பென்னெட் கணக்கிட்டுக் காட்டினார். ஆங்கிலத்தில் ‘pinch’ எனப்படும் இதற்கு முன்மொழியப்பட்ட ‘கிள்ளல்’ இரு விரல்களுக்கு இடையே ஓரிடத்தில் நிகழ்வது; கழுத்தைச் சுற்றிப் பிடித்து இறுக்குவதைத்தான் சேலத்து வீடுகளிலும் ‘நெரிப்பது’ என்கிறோம். தூண் எங்கேனும் சற்று மெலிந்தால் அங்கே புலம் வலுத்து மேலும் மெலியச் செய்து, இறுதியில் தூணையே துண்டித்துவிடும். இம்முறையை நெடுங்காலம் முடக்கிய அந்த நிலையின்மையையும் ‘நெரிப்பு’ இயல்பாகவே உணர்த்துகிறது. மின்னோட்டம் அச்சின் வழியே சென்றால் ‘அச்சோட்ட நெரிப்பு’, அச்சைச் சுற்றிச் சென்றால் ‘சுற்றோட்ட நெரிப்பு’ எனப் பிரிக்கவும் இயலும்.

லேசர் முறை வேறானது. அமெரிக்கத் தேசியப் பற்றவைப்பு மையத்தில் 192 கற்றைகள் ஓர் உலோக உறையின் உட்சுவரைச் சூடாக்க, அங்கு எழும் எக்ஸ் கதிர்கள் எரிபொருள் உருண்டையின் மேற்பரப்பை ஆவியாக்கி வெளியே வீச, எஞ்சிய ஓடு எதிர்விசையால் உள்ளே பாய்கிறது. 2022 டிசம்பர் 5 அன்று 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலுக்கு 3.15 மெகாஜூல் இணைவாற்றல் கிடைத்தது இவ்வழியில்தான். ஆங்கிலத்தில் ‘implosion’ எனப்படும் இதை ‘உள்வெடிப்பு’ என்றால் உள்ளே ஏதோ வெடிப்பதாகப் பொருள்படுவதால், ‘உட்பாய்வு’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இந்த வேறுபாடு பெயரளவில் நிற்பதன்று. வெப்ப இழப்பின்றி ஆரம் பத்தில் ஒரு பங்காகும்போது, உட்பாய்வில் சுருங்கும் கோளத்தில் வெப்பநிலை 100 மடங்கும், நெரிப்பில் சுருங்கும் நீளம் மாறாத உருளையில் ஏறத்தாழ 21.5 மடங்கும் உயரும்.

காந்தப்புலம் ஏற்றிய பிளாஸ்மாவை உலோகச் சுவரே நகர்ந்து அமுக்கும் மூன்றாம் முறைக்குச் ‘சுவரமுக்கம்’ என்பதை முன்வைக்கிறேன். திரவ உலோகச் சுவருக்கும் அது பொருந்துமா என்று குழுவினர் கருத்துரைக்க வேண்டுகிறேன்.