புதுப்பிப்பு: ஐசியூவுக்குப் பிறகு மாமாவை எங்கே மாற்றினோம்

வென்டிலேட்டரில் இருக்கும் மாமாவை ஐசியூவிலிருந்து நீண்டகாலத் தீவிர சிகிச்சை மருத்துவமனைக்கு மாற்றலாமா என்று கேட்டிருந்தேன். மாற்றிவிட்டோம். அமெரிக்காவில் இது நர்சிங் ஹோம் இல்லை. தினமும் டாக்டர் வந்து பார்க்கும் முழு மருத்துவமனை. நோயாளிகள் சராசரியாக 25 நாளுக்கு மேல் தங்கும் இடம் என்பது மெடிகேர் (அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடு) வைத்திருக்கும் அளவுகோல்.

மூச்சுக்காகக் கழுத்தில் போட்ட துளை வழியாக ஈரப்படுத்திய ஆக்சிஜன் மட்டும் கொடுத்து, முதலில் கொஞ்ச நேரம், அப்புறம் பகல் முழுக்க மெஷினை விலக்கிப் பார்க்கிறார்கள். இதில் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட்தான் (மூச்சு சிகிச்சை நிபுணர்) உயிர்நாடி. இடம் தேடுபவர்கள், அவர் இரவிலும் இருப்பாரா என்பதை முதலில் கேளுங்கள்.

கழுத்துக் குழாயில் பேச உதவும் வால்வு போட்டதும் மாமா அத்தையிடம் காபி கேட்டார்! விழுங்கும் பரிசோதனை முடியாமல் கொடுக்க முடியாது. முதுகில் உள்ள படுக்கைப்புண் இன்னும் ஆறவில்லை; இப்போதைய பெரிய கவலை அதுதான்.