அந்த 18 கிலோமீட்டர்: பாமிர் சாலையும் ஒரு லாரியும்

பழைய டயர்:
நண்பர் ஒற்றைப்பாதை தன் தஜிகிஸ்தான் சைக்கிள் பயணத்தொடருக்கு வைத்திருக்கும் தலைப்பு இது: "துஷான்பேயிலிருந்து ஓஷ் வரை, ஒரு அடி விடாமல், தன்னந்தனியாக." தஜிகிஸ்தான் தலைநகரிலிருந்து கிர்கிஸ்தான் வரை கிட்டத்தட்ட 1,250 கிலோமீட்டர், எம்41 என்கிற பாமிர் மலைச்சாலை. மனுஷன் சாதித்துவிட்டார் என்று நானும் ஆசையாகத்தான் படித்தேன். நாலாவது பாகத்தில், போகிற போக்கில் ஒரு வரி வருகிறது: "அக்பைத்தால் கணவாய்க்குக் கீழே உடம்புக்கு முடியாமல் போனதால் ஒரு காமாஸ் லாரியில் 18 கிலோமீட்டர் போக நேர்ந்தது."

அக்பைத்தால் 4,655 மீட்டர். அந்தச் சாலையிலேயே அதுதான் உச்சி. கல்யாணம் முழுக்க இருந்தேன், தாலி கட்டும்போது மட்டும் வெளியே போயிருந்தேன் என்று மாப்பிள்ளை சொல்வது போல இருக்கிறது. ஒரு அடி விடவில்லையாம். 18 கிலோமீட்டருக்கு எத்தனை அடி என்று யாராவது கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.

அளவுகோல்:
சுமார் 59,055 அடி.

பழைய டயர்:
நன்றி. 59,055 அடி விட்டுவிட்டு "ஒரு அடி விடாமல்."

செயின் எண்ணெய்:
ஆரம்பித்துவிட்டாரா? 18-ஐ 1,250-ஆல் வகுத்துப் பாருங்கள் ஐயா, ஒன்றரை சதவீதம்கூட வராது. மீதி 1,232 கிலோமீட்டரை அவர் காலால்தானே மிதித்தார்? கொய்தேசெக் 4,272 மீட்டர், கிசில்அர்த் 4,280 மீட்டர், இரண்டு கணவாயையும் ஏறியிருக்கிறார். அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. குறை கண்டுபிடிப்பதற்கென்றே படிக்கிறவர்கள் நாலாவது பாகத்தில்தான் முழித்துக்கொள்வார்கள் போல.

பழைய டயர்:
ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம். சதவீதக் கணக்கெல்லாம் பால்காரரிடம் சொல்லுங்கள்.

உருளை:
எல்லோருக்கும் வணக்கம். நான் அடுத்த கோடையில் அதே பாதையில் போகலாம் என்றிருக்கிறேன். முதல்முறை. டயர் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும்? 1.75 அங்குலம் போதுமா, 2 அங்குலத்துக்குப் போகலாமா?

ஒற்றைப்பாதை:
என் பெயர் அடிபடுவதால் ஒரே ஒரு முறை பதில் சொல்கிறேன். கணவாய்க்கு முந்தைய ஊரான முர்காபில் கிளம்பும்போதே மூன்று நாளாக வயிறு சரியில்லை. கணவாய்க்குக் கீழே 4,200 மீட்டரில் கூடாரம் போட்டேன். இரவு முழுக்க வாந்தி, காலையில் தலையைத் தூக்க முடியவில்லை. சாலையின் ஒரு பக்கம் சீன எல்லை முள்வேலி, மறுபக்கம் மலை. காலை முழுக்க வந்தது ஒரே ஒரு வண்டி. அதை நிறுத்தி ஏறினேன். இதை மறைக்க நினைத்திருந்தால் நாலாவது பாகத்தில் எழுதியே இருக்க மாட்டேன். எழுதியது என் நேர்மை. அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவது உங்கள் வேலை.

பழைய டயர்:
உடம்பு முடியாமல் போனது தப்பு என்று நான் எங்கே சொன்னேன்? ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. உயரத்தால் வந்த வாந்தி என்றால் கீழே இறங்க வேண்டும். மூவாயிரம் மீட்டரைத் தாண்டினால் படுக்கிற இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே, மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை ஓய்வெடு என்பது மலை ஏறுகிற எல்லோருக்கும் தெரிந்த பாடம். முர்காப் 3,600 மீட்டர், இவர் கூடாரம் 4,200. ஒரே நாளில் 600. அடுத்த நாள் லாரியில் 4,655. வியாதிக்கு மருந்து வியாதியே.

செயின் எண்ணெய்:
அவர் வயிறு என்கிறார், நீங்கள் உயரம் என்கிறீர்கள். நீங்கள் டாக்டரா? அதுவும் அவர் முர்காபுக்கு முன்னால் அலிச்சூரில் தங்கியவர். அது முர்காபைவிட உயரம். உடம்பு அதற்குப் பழகியிருக்கும். தவிர, கணவாயைத் தாண்டினால் கராகுல் சுமார் 3,900 மீட்டர், கூடாரம் போட்ட இடத்தைவிடத் தாழ்வு. வண்டி அந்தப் பக்கம்தான் போனது. வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்? முர்காபுக்குத் திரும்பிப் போக ஹெலிகாப்டரா?

பழைய டயர்:
கணவாயைத் தாண்டி என்றா சொன்னீர்கள்? அப்படியென்றால் இறக்கத்தையும் லாரியிலா கடந்தார்? ஏற்றத்துக்காவது ஒரு காரணம் இருக்கிறது.

ஒற்றைப்பாதை:
வடக்குப்பக்க இறக்கத்தைப் பார்த்திருந்தால் இப்படிப் பேச மாட்டீர்கள். சாலை முழுக்கத் துணி துவைக்கும் கல் போல வரிவரியாக இருக்கும். ஹேண்டில்பாரைப் பிடித்தால் பல்லெல்லாம் ஆடும். வாந்தி எடுத்த வயிற்றோடு அதில் இறங்கச் சொல்கிறீர்கள். இதுதான் என் கடைசிப் பதில்.

பழைய டயர்:
முதலில் "ஒரே ஒரு முறை" என்றார். எண்ணுவதில் இவருக்கு ஏதோ சிக்கல் இருக்கிறது.

அளவுகோல்:
இதில் வரலாறும் இருக்கிறது. 1894-ல் பாஸ்டனிலிருந்து கிளம்பி 1895-ல் முடித்த ஆனி லண்டன்டெரி சைக்கிளில் உலகம் சுற்றியதாகப் பெயர் வாங்கினார். பெரும்பகுதி கப்பல். சைக்கிளில் சுற்றவில்லை, சைக்கிளோடு சுற்றினார் என்று அப்போதே கிண்டல் செய்தார்கள். இந்தப் பேச்சு 130 வருடமாக ஓடுகிறது.

செயின் எண்ணெய்:
அப்படிப் பார்த்தால் ஒற்றைப்பாதையின் சைக்கிள் ஒரு அடிகூட விடவில்லை. அதுவும் லாரியில்தானே இருந்தது! துஷான்பே முதல் ஓஷ் வரை தலைப்பு முழுக்கச் சரி.

பழைய டயர்:
நகைச்சுவை. சிரித்துவிட்டேன். 18 கிலோமீட்டர் அப்படியே இருக்கிறது.

நிலாக்கூடாரம்:
எல்லோரும் 18-ஐப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அதே தலைப்பில் "தன்னந்தனியாக" என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை ஏன் யாரும் தொடவில்லை? மூன்றாவது பாகத்தில் ஒரு டச்சுத் தம்பதியோடு இரண்டு நாள் ஓட்டினேன், அவர்கள் அடுப்பில்தான் சமைத்தேன் என்று அவரே எழுதியிருக்கிறார்.

நான் 2017-ல் ஆப்கான் எல்லையோரம் இஷ்காஷிமிலிருந்து வாகான் பள்ளத்தாக்குப் பக்கமாகப் போனேன். வலப்பக்கம் பஞ்ச் ஆறு, அக்கரை ஆப்கானிஸ்தான். சில இடங்களில் ஆறு அவ்வளவு குறுகல், எதிர்க்கரை ஒற்றையடிப்பாதையில் கழுதை ஓட்டிப்போகும் பையன் கையசைத்தால் அவன் முகம் தெரியும். ஒவ்வொரு ஊரிலும் ஒரே கேள்விதான். "அத்னா?" பெண்ணைப் பார்த்து ரஷ்ய மொழியில் "தனியாகவா?" என்று கேட்பது. முதல் இரண்டு நாள் பெருமையாக "அத்னா" என்று தலையாட்டினேன். மூன்றாம் நாள் ஒரு கார்க்காரர் அதே கேள்வியை வேறு குரலில் கேட்டார். அன்றிலிருந்து "கணவர் பின்னால் வந்துகொண்டிருக்கிறார்" என்று சொல்ல ஆரம்பித்தேன். இல்லாத மனுஷன், லங்கார் வரை என் பின்னாலேயே வந்தார். எந்த இடத்திலும் பஞ்சர்கூட ஆகவில்லை.

லங்காரில் தங்கிய வீட்டுப் பாட்டியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஷிர்சாய் கொண்டுவந்து வைத்தார், அதாவது உப்பும் வெண்ணெயும் போட்ட பால் தேநீர். என் கிண்ணத்தில் தன் கையாலேயே ரொட்டியைப் பிய்த்துப் போட்டார். இரவு என் அறை வாசலில் தானே பாய் விரித்துப் படுத்துக்கொண்டார். அந்த இரவு நான் தனியாக இருந்தேனா இல்லையா, உங்கள் அளவுகோல்களை வைத்துச் சொல்லுங்கள். அப்புறம் கர்குஷ் ஏற்றத்தில் மணல். 4,344 மீட்டர் வரை பாதி தூரம் தள்ளிக்கொண்டுதான் போனேன்.

பழைய டயர்:
சகோதரி, அருமையான அனுபவம். தள்ளுவது கணக்கில் வரும். உங்கள் பயணத்தில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. லாரியில் ஏறவில்லை பாருங்கள், அதுதான் விஷயம்.

நிலாக்கூடாரம்:
நான் கேட்டது அதுவா?

அளவுகோல்:
ஒரு சந்தேகம். தள்ளினால் அது "சைக்கிளில்" கடந்ததாகுமா? நடந்ததுதானே?

பழைய டயர்:
அளவுகோல் சார், விதண்டாவாதம் வேண்டாம். காலால் போனாரா, டீசலால் போனாரா? அவ்வளவுதான் கேள்வி.

செயின் எண்ணெய்:
டெர்வ்லா மர்ஃபி 1963-ல் ஐரோப்பாவிலிருந்து டெல்லிக்குத் தனியாக சைக்கிளில் வந்தவர். நடுவே லாரியிலும் போனார், பஸ்ஸிலும் போனார். ஆப்கானிஸ்தானில் அவருக்கு விலா எலும்பு உடைந்தது, அது சைக்கிளிலிருந்து விழுந்து அல்ல. பஸ்ஸுக்குள் நடந்த தகராறில் துப்பாக்கிக்கட்டை பட்டு உடைந்தது. அவரைத் தனிப்பயணி இல்லை என்று உலகத்தில் யாராவது சொல்கிறார்களா? போய் அவரிடமும் ரசீது கேளுங்கள்.

பழைய டயர்:
அந்த அம்மையார் ஒரு அடி விடாமல் வந்தேன் என்று தலைப்பு வைக்கவில்லை. தலைப்பு, ஐயா, தலைப்பு! "ஒரு அடி விடாமல்" என்பதை எடுத்துவிட்டு "18 கிலோமீட்டர் தவிர" என்று போடட்டும். நான் அடுத்த நிமிடம் வாயை மூடிக்கொள்கிறேன்.

செயின் எண்ணெய்:
அது நடக்கிற காரியமா!

உங்களுக்கு உண்மையில் என்ன கடுப்பு என்று எனக்குத் தெரியும். போன வருடம் நீங்கள் சொன்னீர்களே என்று அலுமினியக் கேரியர் வாங்கி, அது நட்டநடுவில் உடைந்து, கயிறு கட்டிக்கொண்டு 90 கிலோமீட்டர் வந்தவன் நான். அதை இங்கே எழுதியதிலிருந்து நான் யாருக்குப் பேசினாலும் நீங்கள் எதிர்ப்பக்கம்தான்.

பழைய டயர்:
அந்தக் கேரியர் தாங்கும் எடை 25 கிலோ. நீங்கள் ஏற்றியது 34 கிலோ. மடக்கு நாற்காலி எடுத்துக்கொண்டு போன ஒரே சைக்கிள்காரர் நீங்கள்தான்.

செயின் எண்ணெய்:
நாற்காலி 900 கிராம்! ஸ்டீல் கேரியராக இருந்தால் எந்தப் பட்டறையிலும் பற்றவைத்துக் கொடுத்திருப்பார்கள். அலுமினியத்தைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டார்கள்.

அளவுகோல்:
எடையை விடுங்கள். கின்னஸ் சாதனைகளைப் பாருங்கள். மார்க் பியூமான்ட் 2008-ல் உதவியாள் யாரும் இல்லாமல் 194 நாளில் உலகைச் சுற்றினார். 2017-ல் உதவிக்குழுவோடு 78 நாள். இரண்டிலும் மிதித்தது அவர் ஒருவர்தான். எது தனிப்பயணம்? இன்னொன்று, அக்பைத்தால் என்றால் வெள்ளைக்குதிரை என்று ஒற்றைப்பாதை எழுதியிருக்கிறார். கிர்கிஸ் மொழியில் பைத்தால் என்றால் பெட்டைக்குதிரை. வெள்ளைப் பெட்டைக்குதிரை என்பதே சரி.

ஒற்றைப்பாதை:
குதிரையில் என்ன ஆண், பெண்? அந்தக் குளிரில் அதைத் திருப்பிப் பார்க்கவா முடியும்?

பழைய டயர்:
கடைசிப் பதில், இரண்டாம் பாகம்.

உருளை:
டயர் பற்றிக் கேட்டிருந்தேன்...

நிலாக்கூடாரம்:
தம்பி, 2 அங்குலமே போடுங்கள். 1.75-ல் அந்த வரிச்சாலையில் கை மரத்துப்போகும். உதிரி ஸ்போக், குறிப்பாக பின்சக்கரத்தின் கியர் பக்கத்துக்கான நீளத்தில், நாலைந்து வைத்துக்கொள்ளுங்கள். பதக்‌ஷான் பகுதிக்குள் நுழையத் தனி அனுமதிச்சீட்டு வேண்டும். சோதனைச்சாவடியில் நோட்டுப்புத்தகத்தில் கையால் எழுதிக்கொள்வார்கள், அதனால் இரண்டு மூன்று நகல் இருக்கட்டும். மதியத்துக்கு மேல் காற்று எழும்பிவிடும், விடியற்காலையிலேயே கிளம்பப் பாருங்கள். கிசில்அர்த்தில் தஜிக் சாவடிக்கும் கிர்கிஸ் சாவடிக்கும் நடுவே சுமார் 20 கிலோமீட்டருக்குக் கடை கண்ணி எதுவும் கிடையாது, தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள்.

உருளை:
மிக்க நன்றி அக்கா. ஒரு சின்னக் கேள்வி. அந்த லாரி அங்கே அடிக்கடி வருமா?

செயின் எண்ணெய்:
தம்பி, சத்தமாகக் கேட்காதே.

பழைய டயர்:
பாருங்கள். இதைத்தான் சொன்னேன். ஒருவர் தலைப்பில் கொஞ்சம் தாராளமாக இருந்தால் அடுத்தவர் கிளம்புவதற்கு முன்பே லாரி நேரம் விசாரிக்கிறார். ஒற்றைப்பாதை தன் ஜிபிஎஸ் தடத்தை இங்கே போடட்டும். 18-தானா, அதற்கும் மேலா என்று பார்த்துவிடலாம். எனக்கென்னவோ 22 இருக்கும் என்று தோன்றுகிறது.

ஒற்றைப்பாதை:
18.3.

பழைய டயர்:
ஆக, 18-உம் இல்லை.