வீட்டை ஜாக்கி போட்டுத் தூக்கிய கதை: உங்கள் ஏரியாவில் எப்படி?

மடிப்பாக்கத்துக்காரன்:

சென்னை மடிப்பாக்கத்தில் அப்பா இந்த வீட்டைக் கட்டியபோது வாசலில் மூன்று படி ஏற வேண்டும். அதற்குப் பிறகு ரோடு போட வந்தவர்கள் எல்லோரும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுவிட்டுப் போனார்கள். ரோடு ஒவ்வொரு படியாக விழுங்கி, 2015க்கு முன்பே நாங்கள் வீட்டுக்குள் இறங்கிப் போகிற நிலைக்கு வந்துவிட்டோம். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று விதியே இருக்கிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

2015 டிசம்பர் 1, தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டிய அந்த நாள். எங்கள் ஹாலில் நாலடி. ஃப்ரிட்ஜ் மல்லாந்து மிதந்தது. அதே வீட்டில் 2019 ஜூனில் போர்வெல் வெறும் காற்றைத்தான் கக்கியது. ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்த வருடம் அது, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். நாலு வருடத்துக்கு முன்னால் வாளி வாளியாக இறைத்து வெளியே ஊற்றிய நான், லாரிக்காரருக்கு ஒரு நாளில் ஆறு தடவை போன் செய்தேன். பிறகு 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். இந்த முறை இரண்டரை அடி. அன்று ராத்திரி மாடிப்படியில் உட்கார்ந்தே முடிவு செய்துவிட்டேன், தூக்கிவிடுவது என்று.

ஹரியானா பக்கத்துப் பையன்கள் பதினைந்து பேர் வந்தார்கள். தரைத்தளத்தை உடைத்து, சுவருக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து, இரும்புச் சேனலைச் செருகி, வரிசையாக ஜாக்கி வைத்தார்கள். நூற்றைம்பதுக்கும் மேல் இருக்கும், லாரிக்கு டயர் மாற்றும்போது வைப்பார்களே, அந்த மாதிரி. ஒருவர் குரல் கொடுப்பார், எல்லோரும் கம்பியைப் பிடித்துக் கொஞ்சம் திருகுவார்கள், நிறுத்துவார்கள், மறுபடி குரல். நாங்கள் மாடியில் இருந்தோம். அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு எவர்சில்வர் தம்ளரில் தளும்பத் தளும்பத் தண்ணீர் ஊற்றி ஷோகேஸ் மேல் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம்வரை ஒரு சொட்டு சிந்தவில்லை. நாலடி தூக்கி, கீழே கட்டு வேலை முடிக்க இரண்டு மாதம் ஆனது.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத செலவுகளைச் சொல்லிவிடுகிறேன். சம்ப், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி, பழைய பள்ளத்திலேயேதான் இருக்கும், அதன் வாயைத் தனியாக உயர்த்த வேண்டும். செப்டிக் டேங்க் பைப், மீட்டர் போர்டு, கேட், பைக் ஏற்றச் சாய்தளம் எல்லாம் புதிதாக. மறுபடியும் படி வந்துவிட்டது, இப்போது ஏழு. முட்டி வலியால் அம்மா வாசலுக்கு வருவதே குறைந்துவிட்டது.

சொல்ல வந்தது இதற்கு மேல்தான். காம்பவுண்டுக்குள் தண்ணீர் நிற்கக் கூடாது என்று அங்கேயும் மண் கொட்டி மேடாக்கினேன். 2024 அக்டோபர் மழையில் எங்கள் ஹால் காய்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டில் முழங்கால்வரை. அந்த அக்கா சண்டை போடவில்லை, மாப்பைப் பிழிந்துகொண்டே, "உங்க வீட்டுத் தண்ணியும் சேர்த்து இப்ப எங்களுக்குத்தான் தம்பி" என்றார். எங்கள் பக்கத்து ஏரிகளெல்லாம் பள்ளிக்கரணைக் கழுவேலியில்தான், அதாவது சதுப்பு நிலத்தில்தான் இறங்கும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு என்கிற நீர்வழி, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம், அப்புறம்தான் கடல். கடல் ஏற்றமாக இருந்தால் கால்வாய் நகராது. கழுவேலி நிறைய இடத்தை நாம் கட்டிடமாக்கிவிட்டோம். மிச்சத்தை 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். ஆக, நான் நாலடி உயர்ந்ததில் ஒரு வாளித் தண்ணீர்கூடக் குறையவில்லை. பக்கத்துக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். இதே அனுபவம் யாருக்காவது?

வேளச்சேரி கார்:

சார், நான் வாடகை வீடு, தூக்க முடியாது. காரைத் தூக்கினேன். நீங்கள் சொன்ன அந்த 2024 அக்டோபரில் ரெட் அலர்ட் என்றதும் மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். எனக்கு முன்னாலேயே பாலம் பாதி நிரம்பியிருந்தது. ஃபைன் போடுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரே புரளி, போலீஸ் இல்லையென்று மறுத்த பிறகுதான் தூக்கம் வந்தது. கடைசியில் பயந்த அளவு மழையே இல்லை. அடுத்த வருடமும் நிறுத்துவேன்.

கொரட்டூர்:

நான் அந்தப் பக்கத்து வீட்டு அக்கா கட்சி. இரண்டு பக்கமும் தூக்கிவிட்டார்கள், நடுவில் நாங்கள் கிண்ணம் மாதிரி. சென்னைக்கென்று 2023இல் காலநிலைச் செயல் திட்டமெல்லாம் வந்திருக்கிறது, 2050க்குள் நிகரப் பூஜ்ய உமிழ்வு, அதாவது வெளிவிடும் கரிவாயுவும் உறிஞ்சப்படுவதும் சமமாக வேண்டும் என்று. நல்லதுதான், கேலி செய்யவில்லை. ஆனால் எங்கள் தெருவில் புதிதாகக் கட்டிய வடிகாலின் வாய் ரோட்டை விட அரையடி உயரம். தண்ணீர் முதலில் ஏறி, பிறகுதான் விழ வேண்டும். தூக்குவதாக இருந்தால் பொதுச்சுவர் இருக்கிற வீட்டுக்கு என்ன செய்வது, சொல்லுங்கள்.

ஏழாவது மாடி:

அண்ணா, நீங்கள் நாலடி. எங்களை ஏழு மாடி தூக்கிவிட்டார்கள். சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் இருந்தோம். 2015 வெள்ளத்துக்கு அப்புறம், ஆற்றோரம் ஆபத்து என்று பெரும்பாக்கத்தில் குடிவைத்தார்கள். நீங்கள் சொன்ன அதே கழுவேலியின் ஓரம்தான். மிக்ஜாமில் வீட்டுக்குள் சொட்டுத் தண்ணீர் வரவில்லை, உண்மை. கீழே இடுப்பளவு, கரண்ட் இல்லை, லிஃப்ட் இல்லை, மோட்டார் ஓடாததால் குழாயிலும் இல்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏழு மாடி ஏறினோம், சுற்றிலும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. வேலை பார்க்கிற வீடுகளெல்லாம் இன்னும் சைதாப்பேட்டையில்தான். மூன்று நாள் போகவில்லை, அதற்கும் சம்பளம் பிடித்தார்கள்.

மடிப்பாக்கத்துக்காரன்:

கொரட்டூர் சார், பொதுச்சுவர் என்றால் ஒரு வீட்டை மட்டும் தூக்க முடியாது என்றுதான் எங்கள் மேஸ்திரி சொன்னார். இரண்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்தால்தான் உண்டு. எங்கள் பக்கம் அந்த அக்காவிடம் பேசிவிட்டேன். நடுச்சுவரை ஒட்டி நான் கொட்டிய மண்ணை எடுத்துவிட்டு, அங்கே இரண்டு வீட்டுக்கும் சேர்த்து உறைகிணறு மாதிரி ஒரு மழைநீர்க் குழி. ஆறு உறை இறக்கச் சொல்லியிருக்கிறோம். பெருமழைக்கு இது போதாது, அவருக்கும் தெரியும். 2019 மாதிரி வறண்டால் போருக்காவது ஆகும் என்றார். ஞாயிற்றுக்கிழமை தோண்ட வருகிறார்கள்.