மாடி போர்ஷன் வாடகை (வியாசர்பாடி வூடு குரூப்)

விக்கி: பெரியப்பா மாடி போர்ஷன் கேட்டு 4 பசங்க வந்தாங்க, பீகாராம், மெட்ரோ வேலைல கம்பி கட்றாங்களாம். இன்னா சொல்ல?

பெரியப்பா: வேணாம்பா. தெருவுல பாதி வெளியூர் ஆளுங்க ஆயிட்டாங்க, இப்டியே போனா நம்ம ஜனமே இருக்காது

கலா அத்தை: அண்ணே நாம மட்டும் இங்கியே பொறந்தோமா? 1964ல பர்மால கடைங்கள அரசாங்கம் எடுத்துக்கிச்சு, நைனா மளிகைக்கடையும் போச்சு, போட்டிருந்த நகைய துறைமுகத்துலயே கழட்டி வாங்கிக்கினாங்கன்னு அம்மா சாவுற வரைக்கும் சொல்லி அழுவாங்களே, ஒத்த பொட்டியோட கப்பல்ல வந்து எறங்குனவங்க தானே நாம

தீபா: 2011 சென்சஸ்ல நாடு முழுக்க 45 கோடி பேர் இடம் மாறுனவங்க பெரியப்பா. அதுல பாதிக்கு பக்கம் கல்யாணம் ஆகி போனவங்க

சுமதி சித்தி: அப்ப திண்டிவனத்துலருந்து வந்த நானும் அந்த கணக்குல தான் வரேன்

பெரியப்பா: அது வேற சுமதி. நம்ம பசங்க வேலை போவுதே, அத யாரு கேக்கறது

விக்கி: நம்ம பசங்க யாரு சென்ட்ரிங் வேலைக்கு போறாங்க? எங்க செட்ல எல்லாரும் டெலிவரி இல்லனா கம்பெனி வேலை

தீபா: புள்ளைங்களே கம்மி தான். 2019-21 குடும்பநல சர்வேல தமிழ்நாட்டுல ஒரு பொண்ணுக்கு சராசரி 1.8 கொழந்தை, பீகார்ல 3. அங்க நெலம் கம்மி, கூலியும் கம்மி, இங்க ஆள் தேவை, அதான் ரயில் ஏறி வராங்க

கலா அத்தை: 1996ல பின்னி மில்லு மூடுனப்ப எங்க வூட்டுக்காரரு திருப்பூர் போனாரு ஞாபகம் இருக்கா. குடும்பம் இல்லாத ஆம்பளைக்கு வூடு தரமாட்டோம்னு தெரு தெருவா சொல்லிட்டாங்க, பனியன் கம்பெனில கட்டிங் டேபிள் மேலயே படுத்து ரெண்டு வருஷம் ஓட்டுனாரு, முதுகு அப்ப போனது தான். அந்த பசங்க அம்மாவும் போன் பண்ணி படுக்க எடம் கெடச்சுதான்னு கேட்டுட்டு தான இருப்பா

சுமதி சித்தி: அண்ணி 😢

பெரியப்பா: சரி சரி. ஆனா 4 பேரு வேணாம், ஒரே பாத்ரூம், 3 பேருன்னா ஓகே. ஆதார் ஜெராக்ஸ் வாங்கு, ஆபீஸ்ல யாரு சூப்பர்வைசர்னு நம்பர் வாங்கு

விக்கி: நாலாவது பையன் அவங்கள்ல ஒருத்தனோட தம்பி பெரியப்பா

பெரியப்பா: எத்தன வயசு?

விக்கி: 19

பெரியப்பா: நாளைக்கு காலைல 4 பேரையும் கூட்டினு வா. தண்ணி லாரி வந்தா அவங்களே குடம் தூக்கணும், சொல்லிடு